பதினெட்டு நகம்

எங்கள் தெருவில் குழந்தை பிறந்தால், மாதம் ஒன்று முடிவதற்குள் அதன் கழுத்தில் ஒரு புலி நகம் ஏறிவிடும். வசதி உள்ளவர்கள் வெள்ளிப் பூண் கட்டுவார்கள். இல்லாதவர்கள் கறுப்புக் கயிற்றில் கோத்துவிடுவார்கள். தூக்கத்தில் குழந்தை திடுக்கிடாமல் இருக்க, காற்று கருப்பு அண்டாமல் இருக்க, சுரம் வந்தால் இறங்க, எல்லாவற்றுக்கும் அந்த நகம்தான். ராயபுரத்தில் எங்களுக்கு ஒரு பக்கம் துறைமுகம், மறு பக்கம் ரயில் தண்டவாளம். காடு எந்தத் திசையில் இருக்கிறது என்று தெருவில் யாரைக் கேட்டாலும் தெரியாது. ஆனால் நகத்துக்கு மட்டும் எங்களுக்குத் தட்டுப்பாடு வந்ததே இல்லை. அதற்குக் காரணம் என் நைனா.

நைனா தண்டையார்பேட்டையில் ஒரு தோல் மண்டியில் வேலை செய்தார். ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும்தான் அங்கே பிரதான வியாபாரம். ஆனால் மண்டியின் பின்கட்டில் தனியாக ஓர் அறை இருந்தது. வேட்டைக்குப் போன துரைமார்களும் எஸ்டேட்காரர்களும் ஜமீன் வீட்டுப் பிள்ளைகளும் சுட்டு அனுப்பும் தோல்கள் அந்த அறைக்கு வரும். நைனா அவற்றை விரித்து, மிச்சமிருக்கும் கொழுப்பைச் சுரண்டி, உப்பும் படிகாரமும் தேய்த்து, பூச்சி அரிக்காமல் மருந்து போட்டு, மடித்துப் பெட்டியில் வைப்பார். பெட்டி கப்பல் ஏறிச் சீமைக்குப் போகும். சுவரிலோ கணப்படுப்புக்கு முன்னாலோ அந்தப் புலி மறுபடி வாயைத் திறந்துகொண்டு கிடக்கும்.

நைனா உயிரோடு ஒரு புலியைப் பார்த்ததில்லை. ஆனால் ஒரு தோலை விரித்தால் போதும், அந்தப் புலியின் கதையையே சொல்லிவிடுவார். முன்னங்காலில் சின்னக் குழிகளைக் காட்டி, "இது முள்ளம்பன்னியாண்ட வம்புக்குப் போயிக்கீது" என்பார். தோள்பட்டையில் நான்கு கோடுகள் இருந்தால், "இது வேற ஒரு புலி கீறுனது. எடத்துக்கு அடிச்சிகினு இருந்திருக்கானுங்க" என்பார். குண்டு எந்தப் பக்கமாய் நுழைந்தது, புலி பாய்ந்து வந்ததா, திரும்பி ஓடியதா என்பதெல்லாம் அவருடைய கட்டைவிரலுக்குத் தெரியும். பெரும்பாலான குண்டுகள் பின்பக்கமாய் நுழைந்தவை. "இது ஓடிகினு இருந்துது" என்பார்.

நான் எங்கள் வம்சத்தில் முதன்முதலாய்ப் பள்ளிக்கூடம் போனவள். எஸ்.எஸ்.எல்.சி. தேறியபோது தெருவே வந்து பார்த்தது. எனக்கு அதில் கர்வம் உண்டு. இப்போதும் உண்டு, அதை மறைத்து எழுதப் போவதில்லை. சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். நைனா என்னை மண்டி முதலாளியிடம் அழைத்துப் போய், "எம் பொண்ணு இங்கிலீஸ் எழுதுங்க. பாத்தீங்கன்னா அச்சடிச்ச மாதிரி கீதும்" என்றார். முதலாளி ஒரு காகிதத்தை நீட்டினார். எழுதிக் காட்டினேன். மறுநாளிலிருந்து பின்கட்டு அறையில் எனக்கு ஒரு மேசை. ஒவ்வொரு தோலுக்கும் ஒரு துணிச் சீட்டு எழுதுவது என் வேலை. சுட்டவர் பெயர், சுட்ட காடு, ஆணா பெண்ணா, மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை எத்தனை அடி, கடைசியாக நகம் எத்தனை.

நகத்தை எண்ணுவது புதிதாக வந்த வழக்கம். அதற்கு முன் மண்டியில் வேலை செய்தவர்கள் தங்களுக்கு வேண்டும்போது ஒன்றிரண்டு நகங்களைக் கழற்றிக்கொள்வார்கள். அதைத் திருட்டு என்று யாரும் நினைத்ததில்லை. பந்தி பரிமாறுகிறவன் கடைசியில் ஓர் இலை போட்டுச் சாப்பிடுவது போல அது. எங்கள் தெருக் குழந்தைகள் கழுத்தில் கிடந்ததெல்லாம் அப்படி வந்தவைதான். ஆனால் சீமையிலிருந்து புகார்க் கடிதங்கள் வரத் தொடங்கின. என் புலிக்கு ஒரு பாதத்தில் நகமே இல்லையே என்று ஒருவர் எழுதினார். முதலாளிக்கு அவமானமாகிவிட்டது. புலிக்கு முன்னங்கால்களில் ஐந்து ஐந்து, பின்னங்கால்களில் நாலு நாலு, ஆகப் பதினெட்டு. வரும்போதே எண்ணிச் சீட்டில் எழுதிவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். எண்ண வேண்டியவள் நான்.

"அப்பா கழட்டிக் குடுத்தாரு, பொண்ணு எண்ணிப் பூட்டி வெக்கிது" என்று எதிர்வீட்டு மீன்காரம்மா தெருவெல்லாம் கேட்கும்படி சொன்னாள். "படிக்க வெச்சதுக்கு நல்லா வந்து வாச்சிது போ!"

எனக்கு உறைக்கவில்லை. என் சீட்டில் இருப்பது உண்மை, என் கையெழுத்து கப்பல் ஏறிப் போகிறது. எனக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு வருஷம் சீட்டு எழுதியதில் நானும் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகள் எஸ்டேட்காரர்கள் கைக்கு வந்திருந்தன. முன்பு பரண் கட்டி, ஆள் திரட்டி, வாரக்கணக்கில் காத்திருந்து சுட்டதை இப்போது விளக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தபடியே சுட்டார்கள். தோலோடு வரும் கடிதங்களை நான்தான் படித்து நைனாவுக்குச் சொல்வேன். புதிதாகக் காடு வெட்டித் தேயிலை போடுகிறோம், கூலிகள் பயப்படுகிறார்கள், அதனால் இரண்டு புலியை முடித்தோம் என்று ஒருவர் எழுதுவார். புலியைக் கொன்றால் சர்க்கார் வெகுமதி உண்டு என்று இன்னொருவர் எழுதுவார். வரத்து கூடிக்கொண்டே போனது, நீளம் குறைந்துகொண்டே வந்தது. "முன்னயெல்லாம் விரிச்சா இந்தச் செவுத்துலேர்ந்து அந்தச் செவுரு வரும்" என்று நைனா காட்டுவார். இப்போது வருபவை பாதி அறைக்குள் அடங்கின. கன்னத்தில் மயிர்கூடச் சரியாக வளராத இளசுகள்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஐந்தாவது படிக்கும்போது அம்மா காலமானாள். அக்காவுக்கு அப்போது பதினான்கு வயது. அதற்கப்புறம் எனக்கு எல்லாம் அவள்தான். அவள் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. காலையில் எனக்குத் தலை பின்னி அனுப்பிவிட்டு அரிசி மில்லுக்குப் புடைக்கப் போவாள். சாயங்காலம் நான் வந்ததும் எதிரே குந்திக்கொண்டு, "இன்னிக்கு இன்னா சொல்லிக் குடுத்தாங்க?" என்பாள். நான் சொல்வேன். பூமி உருண்டை என்றால் நம்பமாட்டாள், ஆனால் கடைசி வரை கேட்பாள்.

அவளுக்குக் கல்யாணமாகி அடுத்த சந்திலேயே குடியிருந்தாள். மாமா துறைமுகத்தில் படகு வேலை. முதல் குழந்தை பதினோரு நாள் இருந்தது. இரண்டாவது மூன்று மாதம் வரை வளர்ந்து, சிரிக்கவும் பழகி, ஒரு சுரத்தில் போய்விட்டது. இரண்டுக்குமே நகம் கட்டவில்லை. முதலாவதுக்குக் கட்ட நேரமில்லை. இரண்டாவதுக்கு நான் விடவில்லை. "அதெல்லாம் சும்மா, தண்ணியைக் காய்ச்சிக் குடு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, அதான் மருந்து" என்று பள்ளிக்கூடத்தில் படித்ததைச் சொல்லித் தடுத்தேன். அக்கா அப்படியே செய்தாள். குழந்தை பிழைக்கவில்லை. அவள் ஒரு தடவைகூட அதை என்னிடம் சொல்லிக் காட்டியதில்லை.

மூன்றாவதாகப் பெண் பிறந்தது. இருபது நாள் ஆனபோது நான் பார்க்கப் போயிருந்தேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சட்டென்று இரண்டு கைகளையும் விரித்துத் திடுக்கிட்டது. அக்காவும் கூடவே திடுக்கிட்டாள். எல்லாக் குழந்தையும் அப்படித்தான் செய்யும் என்று எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு எடுத்துகினு வாயேன்" என்றாள் அக்கா.

"எது?"

"இன்னாது எதுன்ற? தெருவுல எல்லா புள்ளைங்களுக்கும் கீது. புலித்தோல் மண்டியில வேல செய்றவரோட பேத்தி கழுத்து மட்டும் மொட்டையா கீது."

"நைனாவைக் கேளு."

"நைனா கேக்கமாட்டாரு. நீ எண்ற எடத்துல அவரு எப்டி கை வெப்பாரு? உனக்கு அசிங்கம்ல?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவர்கள் இருவரும் இதை முன்பே பேசியிருக்கிறார்கள்.

"அக்கா, நகத்துல ஒண்ணும் கெடையாது. நெஜமா. அது வெறும் நகம். உன் நகம், என் நகம் மாதிரி."

"இருந்துட்டுப் போவட்டுமே. ஒண்ணும் இல்லாததுன்னா கட்றதுல இன்னா நஷ்டம்?" குழந்தையின் நெஞ்சில் கையை வைத்தபடியே சொன்னாள். "இதுவும் பூட்டுதுன்னு வெச்சிக்கோ. கட்டியிருந்தா நின்னிருக்குமோன்னு நான் நெனைக்கக்கூடாது. உன் மூஞ்சப் பாக்குறப்பல்லாம் நெனைக்கக்கூடாது. அத்தொட்டுதான் கேக்குறேன்."

நான் எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு தோலையும் விரித்து எண்ணும்போது கை தயங்கியது. பதினெட்டு என்று எழுதிவிட்டு ஒன்றைக் கழற்றினால் என் சீட்டு பொய்யாகிவிடும். கழற்றாவிட்டால் அக்கா குழந்தையின் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். முதலாளியிடம் கேட்கலாமே என்றும் நினைத்தேன். ஒருவருக்குக் கொடுத்தால் மண்டி முழுக்கக் கேட்கும், அவர் கொடுக்கமாட்டார்.

பத்து நாள் கழித்து ஒரு மரப்பெட்டி வந்தது. மலையடிவாரத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து. நைனா திறந்தார். மேலே ஒரு பெரிய தோல். அதன் அடியில் சணல் சாக்கில் சுற்றி, பூனையை விடக் கொஞ்சம் பெரியதாய் இரண்டு தோல்கள்.

பெரியதை விரித்தோம். பெண் புலி, எட்டடிக்கு மேல். கோடுகள் அப்போதுதான் மையால் இழுத்தது போல இருந்தன. நைனா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "ஓட்டையே இல்லியே" என்றார். மண்டிக்காரர்கள் எட்டிப் பார்த்து மெச்சினார்கள். குண்டு படாத தோல் அபூர்வம். எல்லோருக்கும் அதில் ஒரு சந்தோஷம்.

கடிதத்தைப் படித்தேன். புலி இரண்டு மாடுகளை அடித்துவிட்டதாம். அது மூன்றாவதாக அடித்த மாட்டின் மேல் கிராமத்தார் விஷத்தைத் தடவி அடித்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். மறுநாள் ஓடைப் பக்கத்தில் புலியும் இரண்டு குட்டிகளும் செத்துக் கிடந்தனவாம். தோல் பழுதில்லாமல் கிடைத்தது அதிர்ஷ்டம் என்றும், பெரியதை விரிப்பாகவும் குட்டிகளைப் பஞ்சு அடைத்தும் செய்யக் கொடுக்கலாம் என்றும் எழுதியிருந்தார் எஸ்டேட்காரர்.

நைனா தோலின் வயிற்றுப் பக்கத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வெள்ளை மயிரைக் கட்டைவிரலால் ஒதுக்கினார். அங்கே நீண்டு, சுற்றிலும் மயிர் தேய்ந்து போயிருந்த காம்புகளை ஒவ்வொன்றாய்த் தொட்டார். "பால் குடுத்துகினு இருந்திருக்கு" என்றார். குட்டியின் தலைத்தோலைத் தடவிப் பார்த்து, "பாலும் குடிக்கும், கறியும் நக்கும். அந்த வயசு" என்றார்.

அதற்கப்புறம் உப்புக் கொண்டுவரப் போகிறேன் என்று வெளியே போனார். உப்பு மூட்டை அறைக்குள்ளேயேதான் இருந்தது. மேசை ஓரத்தில் நகம் கழற்றும் சின்ன இடுக்கி கிடந்தது. அது எப்போதும் ஆணியில் தொங்கும். அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

வலது முன்னங்காலின் உள் நகத்தைக் கழற்றினேன். வருவதற்குச் சிரமப்பட்டது. ரவிக்கைக்குள் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். பிறகு உட்கார்ந்து எண்ணினேன். பதினேழு. சீட்டில் பதினேழு என்று எழுதினேன். நான் பொய் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுதும்போது பதினேழுதான் இருந்தது. இந்தச் சாமர்த்தியத்தைத்தான் பள்ளிக்கூடம் எனக்குக் கொடுத்திருந்தது போலும்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். கைக்குட்டையைப் பிரித்ததும் அவள் முகம் எப்படி மலர்ந்தது என்று என்னால் எழுத முடியாது. நகத்தை உள்ளங்கையில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். குழந்தையின் சின்ன விரலை எடுத்து அதன் மேல் வைத்துப் பார்த்தாள்.

"யப்பா, எம்மாம் பெரிசு! ஆம்பளயா, பொம்பளயா?"

"பொம்பள."

"எங்கத்தது?"

"மலைப் பக்கம்."

"சுட்டவன் யாரு? பெரிய கையா?"

வேறு யாரிடமாவது இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். வருஷக்கணக்கில் எதிரே குந்திக்கொண்டு நான் சொன்னதையெல்லாம் கேட்டவளிடம் எனக்கு அது வரவில்லை.

"சுடலக்கா. மாட்டு மேல வெசம் வெச்சிட்டாங்க."

"அய்யோ பாவம். தனியாவா?"

"ரெண்டு குட்டி இருந்துச்சு. அதுங்களும்தான்."

அக்கா நகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "பால் குடிக்கிற குட்டியா?"

நான் தலையசைத்தேன்.

"எது முன்னாடி போச்சி?" என்றாள்.

"இன்னாக்கா?"

"அதுதான் முன்னாடி போச்சா, குட்டிங்க முன்னாடி போச்சா?"

"தெரியலக்கா."

"நைனாவுக்குமா தெரியாது?"

"தோலை வெச்சி அதைச் சொல்ல முடியாது."

"குட்டிங்க முன்னாடி போயிருந்தா, அவ பாத்துகினு இருந்திருப்பா" என்றாள். குழந்தை விழித்துக்கொண்டு சிணுங்கியது. அக்கா எடுத்துப் பால் கொடுத்தாள். நகம் இன்னொரு கையில் மூடியபடியே இருந்தது. குழந்தை குடித்து முடித்ததும் அந்தக் கையை என்னிடம் நீட்டினாள்.

"எடுத்துகினு போ."

"நீதானக்கா கேட்ட?"

"கேட்டேன். இவகிட்டருந்துன்னு தெரியாதுல்ல. அவளுதை அவளாண்டயே சேத்துடு. அப்பால அந்தக் குட்டிங்கள இன்னா பண்ணுவாங்க?"

"தனித்தனியா பெட்டி போடுவாங்க. ஒவ்வொண்ணு ஒவ்வொரு ஊருக்குக்கூடப் போகலாம்."

"ஒண்ணா கட்டச் சொல்லு. நீதான எழுதுற? ஒண்ணான்னு எழுது."

வீடு வரும் வழியில் எனக்குக் கோபம்தான் வந்தது. நான் செய்யக்கூடாததைச் செய்து கொண்டுவந்தேன், அதை வேண்டாம் என்கிறாளே என்று. தெருமுனை வருவதற்குள் அந்தக் கோபமும் போய்விட்டது. அவளுக்கு அந்த நகம் எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். அதைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு எவ்வளவு ஆகியிருக்கும் என்றும் தெரியும்.

மறுநாள் காலையில் நகத்தை நைனாவின் முன்னால் வைத்தேன். அவர் ஏன், எப்படி என்று கேட்கவில்லை.

"வேணான்ட்டாளா?"

"ஆமா."

"சொல்லிட்டியா, பால் குடுத்துகினு இருந்ததுன்னு?"

"கேட்டா. சொன்னேன்."

"இடுக்கிய உங்கைக்கு எட்டுற மாதிரிதான் வெச்சிட்டுப் போனேன்" என்றார் நைனா, தரையைப் பார்த்துக்கொண்டு. "எனக்கும் அந்தக் கொழந்த இருக்கணும்னுதான்."

மெழுகு தடவிய நூலில் நகத்தை அதன் உறைக்குள் வைத்துத் தைத்தார். தையல் வெளியே தெரியவில்லை. நான் பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். நகம் பதினெட்டு. அதன் கீழே, பால் கொடுத்துக்கொண்டிருந்த தாய், குட்டிகள் இரண்டும் இதனுடையவை, மூன்றையும் பிரிக்கக்கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதினேன்.

மண்டிக் கணக்கப்பிள்ளை படித்துப் பார்த்துக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டார். "இன்னாம்மா இது? பிரிக்கக்கூடாதுன்னு யாரு சொன்னது? எஸ்டேட்காரரா?"

"இல்ல சார். எங்க அக்கா."

அவர் என்னையே பார்த்தார். "உங்க அக்கா எந்தக் கம்பெனி?" என்றார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் சீட்டைக் கிழிக்கச் சொல்லவில்லை. மூன்றும் ஒரே பெட்டியில்தான் போயின. கடல் தாண்டி என்ன ஆனதோ தெரியாது.

எங்கள் தெரு அக்காவை விடவில்லை. மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வாசலிலேயே கேட்டாள். "இன்னாமே, தங்கச்சி நகம் கொண்டாந்துச்சாமே? ஏன் கட்டல? ரெண்டு போயும் புத்தி வரலியா உனக்கு?"

அக்கா குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். யோசித்து ஒரு முடிவுக்கு வந்தவளைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"உயிர்க் காலேஜுல புலி கீதுல்ல?"

"கீது."

"செத்த புலியோட நகத்துக்கே அம்மாம் தெம்பு கீதுன்னா, உசுரோட கீற புலிக்கு எம்மாம் இருக்கும்? இவள எடுத்துகினு போயி அதும் முன்னாடி காட்டிடுவோம். அது ஒரு தபா இவளப் பாத்தா போதும். ஒரு பயமும் அண்டாது."

"இது எந்தப் புஸ்தகத்துல கீது?"

"உன் புஸ்தகத்துலயெல்லாம் இல்ல. வர்றியா, இல்ல நான் தனியா போவட்டா?"

தண்ணீரைக் காய்ச்சு, சோப்புப் போடு என்று நான் சொன்னதை விட இது எந்த விதத்தில் மட்டம் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. அக்கா தண்ணீரையும் விடாமல் காய்ச்சிக்கொண்டுதான் இருந்தாள்.

டிராம் ஓடிக்கொண்டிருந்த கடைசிக் காலம் அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ராயபுரத்தில் ஏறி, பாரிமுனையில் வண்டி மாறி, மூர் மார்க்கெட்டண்டை இறங்கி, உயிர்க் காலேஜ் என்று நாங்கள் சொல்லும் மிருகக்காட்சிசாலைக்குள் போனோம். குழந்தைக்கு நாற்பது நாள் தாண்டியிருந்தது. அக்கா அதைத் தன் பழைய நூல் சேலைத் துண்டில் சுற்றி, முகம் மட்டும் தெரியும்படி வைத்திருந்தாள். மயிலையும் குரங்கையும் அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "அப்பால பாக்கலாம்" என்று நேரே நடந்தாள்.

புலி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. வந்தவர்கள் கூப்பிட்டார்கள், கை தட்டினார்கள், அலுத்துப்போய் நகர்ந்தார்கள். அக்கா கம்பிக்கு எதிரே, வேலிக்கு இந்தப் பக்கம், தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தைக்குப் பசி வந்தது. முந்தானையால் மூடிக்கொண்டு பால் கொடுத்தாள்.

பெருக்கிக்கொண்டு வந்த காவல்காரர் நின்றார். "இன்னாமே, எம்மா நேரம் குந்திகினு கீற?"

"அது திரும்பட்டும்னுதான் கீறோம்."

"திரும்பினா?"

"கொழந்தயப் பாக்கும்ல."

"அது யாரையும் பாக்காதும்மா. எனக்குத்தான் தெரியுமே, தெனம் கறி போட்றவன், என்னையே பாக்காது."

"உன்ன எதுக்கு அது பாக்கணும்?" என்றாள் அக்கா. அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

வெயில் ஏறிய பிறகு புலி எழுந்தது. முன்னங்கால்களை நீட்டிச் சோம்பல் முறித்துவிட்டு நடக்க ஆரம்பித்தது. எனக்கு அந்த நிமிஷத்தை இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எத்தனையோ புலிகளை நான் அளந்திருக்கிறேன். எந்தக் கோடு எங்கே பிரியும், வால் வளையங்கள் எங்கே தொடங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் அந்தக் கோடுகள் அசையும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தோலுக்குள்ளே ஒரு தோள்பட்டை ஏறி இறங்கியது. மூச்சு விட்டபோது விலாப்பக்கத்துக் கோடுகள் விலகி மறுபடி நெருங்கின. கால்களைப் பார்த்தேன். பழக்க தோஷம், எண்ணத்தான் பார்த்தேன். பதினெட்டில் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல், பஞ்சின் மேல் வைப்பது போலப் பாதம் வைத்து நடந்தது.

கம்பியருகே வந்து நின்றது. மூக்கைத் தூக்கி மோந்தது. பால் வாசனை எட்டியிருக்கலாம். மஞ்சள் கண்கள் தாழ்ந்து அக்காவின் மடியில் நின்றன. ஒரு மூச்சு விடும் நேரம்தான். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"எழுப்பு, எழுப்பு" என்றேன் நான், என்னை அறியாமல்.

"வேணாம். இவ எதுக்குப் பாக்கணும்? அது பாத்துட்டுது, போதும்" என்று அக்கா மெதுவாய்ச் சொன்னாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. குழந்தையின் நெஞ்சில் எப்போதும் இருக்கும் அவளுடைய கை அப்போது அங்கே இல்லை. தரையில் ஊன்றியிருந்தது.

திரும்பும்போது டிராமில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் குழந்தையை எட்டிப் பார்த்துவிட்டு, "கழுத்துல ஒண்ணுத்தையும் காணோமேம்மா, நகம் கட்லியா?" என்று கேட்டாள்.

"நகம் இன்னாத்துக்கு? எம் பொண்ணு புலியவே பாத்துட்டு வந்துகினு கீறா" என்றாள் அக்கா. அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

இதெல்லாம் நடந்து ஆறு வருஷம் ஆகிறது. நான் மண்டி வேலையை விட்டுவிட்டு டீச்சர் டிரெயினிங் முடித்து, இப்போது திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். அக்காவின் பெண் அங்கேதான் ஒன்றாவது படிக்கிறாள். தினமும் அவளைக் கூட்டிக்கொண்டு போவது நான்தான். அவளுக்குச் சுரமும் வந்தது, அம்மையும் வந்தது. வந்தபடி போனது.

போன வாரம் ஒரு காலையில் அக்கா வீட்டில் நான் அவளுக்காகக் காத்திருந்தபோது நைனாவும் இருந்தார். அக்கா பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் பின்கட்டு அறையைத் திறக்கவே இல்லை, ஒரு பெட்டிகூட வரவில்லை என்று நைனா சொன்னார்.

"நல்லதுதான நைனா?" என்றாள் அக்கா.

"சுடாம உட்டுட்டானுங்கன்னா நல்லதுதான். சுட்றதுக்கு ஒண்ணும் இல்லன்னா?" நைனா என்னைப் பார்த்தார். "நீ சொல்லு. வர்லன்னா இன்னா அர்த்தம்?"

எந்தத் தோலிலும் அதற்குப் பதில் இல்லை. நான் படித்த எந்தப் பாடத்திலும் இல்லை. தெரியவில்லை நைனா என்றேன்.

அக்கா ரிப்பனை இறுக்கி முடிந்தாள். "எங்கியாவது படுத்துகினு கீதுன்னு வெச்சிக்கோ நைனா. முதுகக் காட்டிகினு" என்றாள்.

பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று குழந்தை என் கையைப் பிடித்து இழுத்தாள்.